ஹெவியா ஸ்ட்ராங்கா? மழைக்கு ஒண்ணு, காத்துக்கு ஒண்ணு

நம்ம தமிழ்ல "பலத்த"ன்னு ஒரு சொல்லு இருக்கு பாருங்க, பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம், பலத்த எதிர்ப்பு, பலத்த பாதுகாப்பு, பலத்த சேதம்னு அது ஒண்ணே எல்லாத்துக்கும் போதும். இதே ஆறையும் இங்கிலீஷுக்கு கொண்டு போனா ஹெவி ரெயின், ஸ்ட்ராங் விண்ட், சீரியஸ் இன்ஜுரி, ஸ்ட்ராங் ஆப்போசிஷன், டைட் செக்யூரிட்டி, ஹெவி டேமேஜ்னு சிதறிப் போயிடும். இதுல நாம ரொம்ப மாத்திப் போடறது ஹெவியும் ஸ்ட்ராங்கும் தான், அதனால அந்த ரெண்ட மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம்.

ஸ்ட்ராங் ரெயின்னு சொன்னா கேக்கறவங்களுக்கு புரியும், கிராமர் படியும் ஓகே, ஆனா அந்த மொழியிலயே வளந்தவங்க அப்படி சொல்லவே மாட்டாங்க. ஹெவி விண்டும் கிட்டத்தட்ட அதே கதி தான், ஸ்ட்ராங் விண்ட் இல்லன்னா ஹை விண்ட்ஸ்னு தான் வரும். ஹாலிடேங்கிற மொழியியலாளர் 1966ல இதுக்கு ஒரு அருமையான ஜோடி காட்டினார்: டீன்னா ஸ்ட்ராங், கார்னா பவர்ஃபுல், மாத்திப் போட்டா ரெண்டுமே ஒட்டாது, ஆனா ஆர்க்யுமென்ட்டுக்கு மட்டும் ரெண்டும் செட் ஆகும். அர்த்தம் ஒண்ணு தானேன்னு நினைச்சு ஒரு சொல்ல எடுத்துட்டு இன்னொண்ண வைக்க முடியாதுங்கிறதுக்கு இதவிட தெளிவா எனக்கு எதுவும் கிடைக்கல.

எனக்கு பிடிபட்ட வித்தியாசம் என்னன்னா, ஹெவி பெரும்பாலும் அளவு பத்தினது, மேல வந்து விழறது, குவியறது, சுமையா அழுத்தறது. மழை, பனி, டிராஃபிக், ஃபைன், வொர்க்லோட், லாஸ் எல்லாத்துக்கும் ஹெவி. நிறைய சிகரெட் பிடிக்கறவரு ஹெவி ஸ்மோக்கர், ஏன்னா அங்கயும் எண்ணிக்கை தான் கணக்கு. ஸ்ட்ராங் வேற, அது வேகம், வீரியம், உள்ளேர்ந்து வர்ற விசை. காத்து, வாசனை, ஆத்து நீரோட்டம், கருத்து, ஆதாரம், சப்போர்ட்டு, இதுக்கெல்லாம் ஸ்ட்ராங் தான். மழையை எவ்ளோ பெய்ஞ்சுதுன்னு அளக்கறோம், காத்தை எவ்ளோ வேகமா அடிச்சுதுன்னு அளக்கறோம், அந்த பார்வையே அடைமொழியிலயும் இருக்குன்னு நான் நினைக்கறேன். நூத்துக்கு நூறு இது சரியா வராது, ஆனா சந்தேகம் வந்தா முதல்ல இத வச்சு யோசிக்கலாம்.

எதிர்ச்சொல்லப் பாத்தா இன்னும் தெளிவாகும். ஹெவிக்கு எதிர் லைட்: லைட் ரெயின், லைட் டிராஃபிக், லைட் ஸ்மோக்கர், சின்ன சத்தத்துக்கே முழிச்சுக்கறவரு லைட் ஸ்லீப்பர், இடி விழுந்தாலும் எழுந்திருக்காதவரு ஹெவி ஸ்லீப்பர். ஸ்ட்ராங்குக்கு எதிர் வீக்: வீக் டீ, வீக் எவிடென்ஸ், வீக் ஆர்க்யுமென்ட். காத்து மட்டும் இங்க மாறி நிக்கும், வீக் விண்டுங்கிறத விட லைட் விண்ட் தான் வழக்கம். காத்து வேகத்த தரம் பிரிக்கற பியூஃபோர்ட் அளவுலயே 2ம் எண் லைட் பிரீஸ், 6ம் எண் ஸ்ட்ராங் பிரீஸ், அதாவது மணிக்கு 22லேர்ந்து 27 கடல் மைல் (நாட்) வேகம். ஆக ஸ்ட்ராங்குக்கு லைட் எதிரா நிக்கற இடமும் உண்டு, இத பொதுவிதியா எடுத்துக்காம காத்தோட சேத்தே மனசுல வச்சுக்கணும்.

சில இடத்துல ரெண்டும் வரும், அர்த்தம் தான் நகரும். ஸ்ட்ராங் டிரிங்க்னா ஆல்கஹால் அதிகம் இருக்கற சரக்கு, ஹெவி டிரிங்கர்னா நிறைய குடிக்கற ஆளு. ஒரு பொருளுக்கு நல்ல கிராக்கி இருந்தா ஸ்ட்ராங் டிமாண்ட், ஆனா நம்ம நேரத்த பலரும் பிடுங்கறாங்கன்னா ஹெவி டிமாண்ட்ஸ். ஆக்சென்ட் விஷயத்துல கவலையே வேணாம், ஸ்ட்ராங், ஹெவி, திக் மூணுமே ஓடும்.

நாம பேச்சு வாக்குல எதுக்கெடுத்தாலும் ஹெவி போட்டுடறோம், ஹெவி ஃபீவர், ஹெவி கூட்டம், ஹெவி வலின்னு. தமிழ் பேச்சுல அது நல்லா தான் இருக்கு, ஆனா அத அப்படியே இங்கிலீஷ் மெயில்ல எழுதினா இடிக்கும். ஃபீவர்னா ஹை, கூட்டம்னா பிக் இல்ல ஹியூஜ், வலின்னா சிவியர், போட்டின்னா ஸ்டிஃப் இல்ல ஃபியர்ஸ். அதனால அடைமொழிய தனியா மனப்பாடம் பண்றத விட்டுட்டு பெயர்ச்சொல்லுல ஆரம்பிங்க, ரெயின்னு எழுதினா பக்கத்துலயே ஹெவின்னு எழுதி ஜோடியா படிங்க. சந்தேகம்னா பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ்ல தேடிப் பாருங்க, 10 கோடி சொல்லு இருக்கற தொகுப்பு அது, எந்த ஜோடி நிஜமாவே புழங்குதுன்னு கண்ணுல பட்டுடும்.

இந்த ரெண்டு சொல்லோட கடைசியில லி (-ly) சேத்து வினையோட போடும்போதும் இதே கதை தான். டிபெண்ட், ரிலை இதுக்கு ஹெவிலி. ரெகமெண்ட், பிலீவ், அக்ரீ இதுக்கு ஸ்ட்ராங்லி. கிரிட்டிசைஸ்க்கு ரெண்டும் ஓகே. டிஸ்கவுன்ட் தான் கொஞ்சம் ஏமாத்தும், பெயர்ச்சொல்லா வரும்போது பிக் டிஸ்கவுன்ட், டீப் டிஸ்கவுன்ட்னு தான் அதிகம் கேக்கலாம், ஆனா அதையே விலை குறைச்ச பொருளுக்கு சொல்லும்போது ஹெவிலி டிஸ்கவுன்டட்னு கச்சிதமா வந்து உக்காந்துக்கும்.