முதல் பண்ணை: 10 வெள்ளாடா, 100 நாட்டுக்கோழியா?

கையில் கொஞ்சம் பணம், வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம். ஆடா கோழியா என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, பணம் எப்போது திரும்பி வரும் என்பதைத்தான்.

காத்திருப்பு
கோழி: ஒருநாள் குஞ்சு நாலைந்து மாதத்தில் ஒரு கிலோ சொச்சம் வரும்.
ஆடு: சினைக்காலமே 150 நாள். குட்டி விற்கிற எடைக்கு வர இன்னும் எட்டு மாதமாவது ஆகும். அதுவரை செலவு மட்டும்தான்.

தீவனம்
கோழி: கடைத் தீவனத்தையே நம்பினால் லாபம் மூட்டையோடு போய்விடும். மேய்ச்சல், கீரைக்கழிவு, அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் தீவனச் செடி) வேண்டும்.
ஆடு: பெரிய ஆட்டுக்கு நாளைக்கு 4 கிலோ பசுந்தீவனம், பத்துக்கு 40. அகத்தி, சூபாபுல், வேலிமசால் வளர்ந்த பிறகு ஆடு வாங்குங்கள். பலர் தலைகீழாகச் செய்து, கோடையில் வந்த விலைக்குத் தள்ளுகிறார்கள்.

இழப்பு
கோழி: குஞ்சுகள் சூட்டுக்குத் தொங்கவிட்ட பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு. பல்பை ஏற்றி இறக்குங்கள். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து. அதைத் தவறவிட்டால் வெள்ளைக்கழிச்சல் நோய் கொட்டகையையே காலி செய்துவிடும்.
ஆடு: சந்தையில் வாங்கியதை மூன்று வாரம் தனியே கட்டுங்கள், ஆட்டுக்கொல்லி நோய் பெரும்பாலும் அந்த வழியில்தான் நுழைகிறது. மழைக்காலத்துக்கு முன் துள்ளுமாரித் தடுப்பூசி.

வேலைக்குப் போய்க்கொண்டே பார்ப்பவருக்குக் கோழி. ஆனால் நூறு வேண்டாம், 50 குஞ்சு போதும். தீவனத்துக்கு நிலமும், பகலில் வீட்டில் ஆளும் இருந்தால் ஐந்து பெட்டை ஆடு. கிடாய் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.