குறிப்புச் செயலியோடு நான்கு வருடம்: கோப்புறையிலிருந்து இணைப்புக்கு

வண்டிக் காப்பீட்டுத் தாளை ‘வண்டி’ என்ற கோப்புறையில் போட்டு வைத்திருந்தேன். என் மனைவி அதை ‘வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியவை’ என்பதில் தேடித் தேடிச் சலித்துப் போனார். இரண்டும் சரிதான். ஆனால் கோப்புறைக்கு ஒரு இடம்தான் தெரியும். குறுக்குவழி வைக்கலாம், அவசரத்தில் யார் வைக்கிறார்கள்?

மேசை, கோப்பு, கோப்புறை என்ற இந்த ஏற்பாட்டை 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மனம் அப்படி அடுக்கி வைப்பதில்லை, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நினைவுக்கு வரும் என்று வன்னேவர் புஷ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1945-லேயே எழுதிவிட்டார். அந்த எண்ணத்தில்தான் மெமெக்ஸ் என்ற கருவியைக் கற்பனை செய்தார்.

நான் பயன்படுத்தும் செயலியும் அந்த வழியில் வந்ததுதான். இரண்டு சதுர அடைப்புக்குறி தட்டினால் பழைய குறிப்புகளின் பட்டியல் விரியும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் இணைந்துவிடும். அம்மாவுக்கு ஒரு வலி மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருமுறை குறித்து, அதைப் ‘பல் பிடுங்கிய நாள்’ என்ற குறிப்போடு இணைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து வேறொரு மருத்துவர் ஒவ்வாமை பற்றிக் கேட்டபோது மாத்திரையின் பெயர் சுத்தமாக மறந்துவிட்டது. பல் பிடுங்கியது மட்டும் ஞாபகம் இருந்தது. அந்தக் குறிப்பைத் திறந்தேன். அதைச் சுட்டும் குறிப்புகளின் வரிசையில் மாத்திரையின் பெயர் நின்றது. அன்றுதான் இந்தச் செயலியை முழுதாக நம்பினேன்.

எல்லா இணைப்புகளையும் புள்ளியும் கோடுமாகக் காட்டும் வரைபடம் எனக்கு உதவவில்லை. திறக்கும் ஒவ்வொரு முறையும் புள்ளிகள் இடம் மாறி நிற்கின்றன. ‘மேலே இடது ஓரத்தில் இருந்ததே’ என்று தேடும் மனதுக்கு அதில் பிடிமானமே இல்லை.

அப்புறம், இணைப்பு மட்டும் போதாது, பெயரும் பொருந்த வேண்டும். தலைப்புகளை அட்டைகளில் எழுதிக் கொடுத்து, பயனர்களையே வகை பிரிக்கச் சொல்வது வடிவமைப்பாளர்களின் வழக்கம். நானும் மனைவியும் 40 துண்டுத் தாள்களில் செய்து பார்த்தோம். நான் பொருளை வைத்துப் பிரித்தேன். அவர் எப்போது செய்ய வேண்டும் என்பதை வைத்துப் பிரித்தார். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது! அன்றிலிருந்து பொதுவான குறிப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு இணைப்பு, இருவர் சொல்லிலும்.

இந்த முறை காப்பீட்டைப் புதுப்பித்தது அவர்தான். தாள் எங்கே என்று என்னைக் கேட்கவில்லை.