உலர் போர்சினி பாக்கெட்: எக்ஸ்ட்ராவா, கொமெர்ச்சாலியா?

போர்சினி என்பது காட்டில் விளையும் ஒரு வகைக் காளான். இத்தாலிய உலர் போர்சினி வாங்கும்போது விலைச்சீட்டுக்கு முன்னால் பாக்கெட்டின் கண்ணாடிப் பக்கத்தைப் பாருங்கள். உள்ளே தெரியாத பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். அந்நாட்டுச் சட்டப்படி இதற்கு மேலிருந்து கீழாக எக்ஸ்ட்ரா, ஸ்பெச்சாலி, கொமெர்ச்சாலி என்று தரங்கள் உண்டு.

எக்ஸ்ட்ராவில் பெரும்பாலும் உடையாமல் சீவிய முழுத் துண்டுகள் இருக்கும். சதை வெளிறிய சந்தன நிறம், ஓரத்தில் மெல்லிய பழுப்புத் தோல். குடைக்கு அடியில்தான் விஷயமே இருக்கிறது. இந்த வகைக் காளானுக்கு அங்கே தகடுகள் கிடையாது, நெருக்கமான நுண்குழாய்கள்தான். இளசில் வெள்ளை, பிறகு மஞ்சள், முற்றினால் ஆலிவ் பச்சை. காய்ந்த துண்டில் அந்த அடுக்கு தடித்துக் கருத்திருந்தால் முற்றல் என்று அர்த்தம், ஊறியதும் கொழகொழத்துவிடும். தகடுள்ள துண்டு ஒன்று கிடந்தாலும் அது போர்சினி இல்லை, வேறு காளான் கலந்திருக்கிறது.

கொமெர்ச்சாலியில் உடைசலும் கருத்த துண்டும் அதிகம். ஊசி குத்தியதுபோன்ற துளைகள் புழு ஓடிய தடம். ஓரளவுக்குச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் அடியில் மாவுபோல் தூள் சேர்ந்திருந்தால் பூச்சி இன்னும் உள்ளேயே இருக்கலாம். வாங்காதீர்கள்.

லேபிளில் அறிவியல் பெயராக 'பொலீட்டஸ் எடுலிஸும் அதன் வகையறாவும்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். எடுலிஸ், ஏரியஸ், ரெட்டிகுலேட்டஸ், பினோஃபிலஸ் என்ற நான்கு இனங்களுமே போர்சினிதான். காயாத புதுக் காளானாக இருந்தால் தண்டின் மேல்பாதியில் வெள்ளை வலைப்பின்னல், வெட்டினாலும் நீலமாகாத வெள்ளைச் சதை என்று எடுலிஸை அடையாளம் சொல்லலாம். குழாய்கள் இளஞ்சிவப்பேறி, வலை கருத்திருந்தால் அது கசப்புக் காளான். வேகவைத்தாலும் கசப்பு போகாது. சீவிக் காய்ந்தபின் கண்ணால் இனம் பிரிப்பது நடக்காத காரியம். லண்டனில் வாங்கிய ஒரு பாக்கெட்டின் 15 துண்டுகளை டிஎன்ஏ சோதித்து 2014ல் வெளியிட்டார்கள்: மூன்று இனங்கள், மூன்றுக்கும் அதுவரை அறிவியல் பெயரே இல்லை, மூலம் சீனா. அதனால் விளைந்த நாட்டின் பெயரையும் தேடிப் படியுங்கள்.

30 கிராம் நான்கு பேருக்கான ரிசொட்டோவுக்கு (குழைவான இத்தாலிய அரிசி உணவு) போதும். வெதுவெதுப்பான கால் லிட்டர் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் ஊறவையுங்கள். கொதிநீர் வேண்டாம். துண்டுகளைக் கலக்காமல் மேலாக அள்ளி, தண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி அரிசியில் சேருங்கள். அடியில் தங்கும் கடைசி இரண்டு கரண்டி மண், கொட்டிவிடுங்கள்.

துண்டு தட்டில் தெரிய வேண்டிய சமையலுக்கு எக்ஸ்ட்ராவின் விலை நியாயம். சூப்புக்கும் சாஸுக்கும் கொமெர்ச்சாலியை மிக்ஸியில் பொடித்துப் போட்டால் போதும்.