ஸ்லீவா, பைபாஸா? சர்க்கரை நோய்க் குடும்பத்தில் பிறந்த ஒருவனின் கணக்கு

பாட்டிக்குச் சர்க்கரை நோய், அம்மாவுக்கும் அதே. பெரிய மாமாவுக்குக் கால் விரல்கள் இரண்டு போயின. ஆகவே முப்பத்தாறு வயதில் எனக்கு வந்தபோது வீட்டில் யாரும் வியக்கவில்லை. எடை 112 கிலோ, உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ 39; இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9-க்குக் கீழே இறங்கவேயில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் எடையையும் சர்க்கரையையும் குறைக்கும் இரைப்பை அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டபோது ஸ்லீவ், பைபாஸ் என்ற இரண்டு வகைகளில் ஸ்லீவைத் தேர்ந்தேன். ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனின் சுரப்பும் குறைகிறது. பைபாஸில் சிறு பை ஒன்றை மட்டும் இரைப்பையிலிருந்து பிரித்து, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தவிர்த்துக் கீழே இணைக்கிறார்கள். எடை குறைவதில் பைபாஸ் சற்று முன்னே நிற்கிறது. சர்க்கரையிலும் அப்படியே: அமெரிக்காவில் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2017-இல் வெளியானபோது, எச்பிஏ1சி 6 சதவீதமோ அதற்குக் கீழோ எட்டியவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்தை மட்டும் நம்பியவர்களில் 5 சதவீதம்.

இந்த ஆறு சதவீத வேறுபாட்டுக்காக வாழ்நாள் முழுவதும் பைபாஸின் பராமரிப்பைச் சுமக்க முடியுமா என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. இரும்பும் கால்சியமும் பெருமளவில் உறிஞ்சப்படும் இடத்தையே உணவு தாண்டிச் செல்வதால், இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவற்றை நாள் தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். இரும்புக்கும் காப்பிக்கும் ஆகாது; இரும்புக்கும் கால்சியத்துக்கும் ஆகாது, இடையில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். நானோ சைவம், அறுவைக்கு முன்பே பி12 குறைவு. மாதத்தில் பாதி நாள் வெளியூரில் திரிகிறவன், சர்க்கரை மாத்திரையையே வாரம் இருமுறை மறந்தவன். போதாக்குறைக்கு, பைபாஸ் செய்தவர்கள் ஐப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். இணைப்பில் புண் வரக்கூடும். ஸ்லீவிலும் சத்து மாத்திரைகளும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் உண்டு என்றாலும், உணவு பழைய வழியிலேயே போவதால் குறைபாட்டின் கடுமை பொதுவாகக் குறைவு.

ஸ்லீவைத் தேர்ந்ததற்குப் பரம்பரையும் ஒரு காரணம். கத்தி மரபணுவைத் தொடுவதில்லை. கணையத்தில் எவ்வளவு இன்சுலின் சுரப்பு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தே பலன் அமையும். அதைக் காட்டும் சி-பெப்டைடு பரிசோதனையைச் செய்யாமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். நோய் திரும்பினால் ஸ்லீவைப் பின்னர் பைபாஸாக மாற்றலாம் என்பது எனக்குத் தெம்பளித்தது. வெட்டி எடுத்த இரைப்பை மட்டும் திரும்பாது.

செலவைப் பற்றி ஒரு வரி: பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்து, மருந்துக்குக் கட்டுப்படாத சர்க்கரை நோயும் இருந்தால் இந்தியாவில் மருத்துவக் காப்பீடு பொருந்தக்கூடும், காத்திருப்புக் காலத்தைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எடை 81 கிலோ, எச்பிஏ1சி 6.1, அதுவும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை ஒன்றின் துணையோடு. ஒன்றரை இட்லியை இருபது நிமிடம் மென்று தின்கிறேன். மூன்று ஆண்டு அனுபவத்தை வைத்துப் பத்தாம் ஆண்டைப் பற்றி என்னால் பேச முடியாது. ஸ்லீவின் பெரிய குறையான நெஞ்செரிச்சல் எனக்கும் வந்தது. இரவில் தலைமாட்டை உயர்த்தியே படுக்கிறேன். என் தம்பிக்கும் இதே நோய், இதே பருமன். ஆனால் அவனுக்குப் பத்து ஆண்டுகளாக நெஞ்செரிச்சல் உண்டு, மாத்திரையையும் மணி அடித்தாற்போல் போடுகிறவன். அவனைப் பைபாஸைப் பற்றியே மருத்துவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.