வேப்பெண்ணெய் ஸ்ப்ரே, இரண்டரை வருஷம்: மருந்து தங்கம், பாட்டில் சனியன்

போன வாரம் தோழி ஒருத்தி ஒரு படம் அனுப்பினாள். அவள் வீட்டு பாஸ்டன் ஃபெர்ன் இலையின் அடிப்பக்கம். ஒவ்வொரு சிற்றிலையிலும் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும், ஓரத்தை ஒட்டினாற்போல, வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள். "பூச்சி வந்துடுச்சுடி. நீ அடிப்பியே அந்த வேப்பெண்ணெய் ஸ்ப்ரே, அதையே வாங்கிடட்டுமா?" என்று கேட்டிருந்தாள். பதில் தட்ட உட்கார்ந்தேன். இரண்டரை வருஷத்துக் கடுப்பு மொத்தமும் சேர்ந்து வந்துவிட்டது.

முதலில் அவள் கேள்விக்கு. அடிப்பாவி, அது பூச்சியே இல்லை. ஃபெர்ன் பூக்காது, காய்க்காது. ஸ்போர், அதாவது விதைக்குப் பதிலான பொடித்தூள், விட்டுத்தான் இனம் பெருக்கும். அந்த ஸ்போர்ப் பொதிகள்தான் நீ பார்த்தவை. கோலப்புள்ளி வைத்த மாதிரி ஒழுங்காக இருந்தால் செடியின் வேலை. சிதறிக் கிடந்தால், மேல்பக்கத்திலும் காம்பிலும்கூட ஒட்டியிருந்தால், பூச்சியின் வேலை. பறவைக்கூடு ஃபெர்னில் இவை புள்ளியாகக்கூட இருக்காது, நரம்போடு சாய்ந்து ஓடும் பழுப்புக் கோடுகளாக இருக்கும். சந்தேகம் என்றால் நகத்தால் ஒன்றைச் சுரண்டிப் பார். முற்றிய பொதி பொடியாக உதிரும். செதில் பூச்சி என்றால் மூடி மாதிரி ஒன்று முழுசாகப் பெயர்ந்து வரும், அடியில் ஈரமாக ஒரு மஞ்சள் உடம்பு தெரியும். இதை இவ்வளவு அதிகாரமாகச் சொல்கிறேனே, முதல் மாதத்தில் நானும் ஒரு முழு இலையின் ஸ்போரையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, பூச்சியை ஒழித்த பெருமையோடு தூங்கியவள்தான்.

உண்மையான பூச்சி எனக்கு நாலாவது மாதம் வந்தது. ஃபெர்ன் செதில் பூச்சி. வெள்ளை நூலைப் பொடிப்பொடியாக நறுக்கித் தூவிவிட்ட மாதிரி இருந்தது, அவை ஆண்கள். பெண்கள் பழுப்பு நிறம், பேரிக்காய் வடிவம், பொட்டு போல ஒட்டிக்கொண்டிருக்கும். பெண்ணுக்குக் காலே கிடையாது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு மட்டும் கொஞ்ச நேரம் ஊர்ந்து திரியும். பிடித்த இடத்தில் வாய் ஊசியைக் குத்திவிட்டால் பிறகு ஆயுளுக்கும் அங்கேயே, மேலே ஒரு ஓட்டைக் கட்டிக்கொண்டு. முட்டையும் அந்த ஓட்டுக்கு அடியில்தான். அதனால் ஒரு தடவை அடித்தால் தீராது. வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவை என்று திரும்பத் திரும்ப அடித்து, புதிதாக ஊர்ந்து வரும் குஞ்சுகளைப் பிடிக்க வேண்டும்.

இந்த வேலைக்கு அந்தத் திரவம் நல்ல திரவம். அதில் குறையே சொல்ல மாட்டேன். லேபிளின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வேப்பெண்ணெய் என்று விற்பதெல்லாம் ஒரே சரக்கு இல்லை. சிலவற்றில் அசாடிராக்டின் இருக்கும். பூச்சி தின்பதையும் தோலுரிப்பதையும் குலைப்பது அது. என்னுடையது அதைப் பெரும்பாலும் பிரித்தெடுத்துவிட்ட, தெளிவாக்கிய எண்ணெய். இது பூச்சியின் மேல் படிந்து மூச்சடைத்துக் கொல்லும். அதாவது மேலே பட்டால் சாவு, படாவிட்டால் ஒன்றுமே இல்லை. பக்கத்து இலையில் பட்டது என்பதெல்லாம் கணக்கில் வராது.

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன். பூச்சி இருப்பது இலைக்கு அடியில். அடியில் அடிக்க வேண்டுமானால் மூக்கு மேலே பார்க்கும்படி பாட்டிலைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் திரவம் ஒரு மூலைக்குப் போகும், உள்ளே இருக்கும் விறைத்த குழாய் காற்றைக் குடிக்கும். க்ளக், க்ளக், புஸ். நாலு சொட்டு என் மணிக்கட்டில். முழு பாட்டிலாக இருக்கும்போது இது தெரியவே தெரியாது, அதனால் முதல் வாரம் எல்லாருமே புகழ்ந்து எழுதுவார்கள். பாதிக்குக் கீழே இறங்கியதும் ஆரம்பிக்கும் கூத்து. பூச்சி மருந்து விற்கிற ஒருவருக்கு, பூச்சி எங்கே குடியிருக்கும் என்பது தெரியாமலா இருக்கும்? இலையின் மேல்பக்கத்தைப் பளபளவென்று துடைத்துக் காட்டத்தான் இந்த டிசைன் உதவும்.

இதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இலையை ஒவ்வொன்றாக மடித்துப் பிடித்து அடித்தேன். பாஸ்டன் ஃபெர்னில் எத்தனை இலை என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறகு தொட்டியைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டு, மண் கொட்டாமல் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டி, உருட்டி உருட்டி அடித்தேன். இது வேலை செய்தது. இரண்டாவது பாட்டில் வாங்கியதும், எந்தக் கோணத்திலும் அடிக்கக்கூடிய, நுனியில் குண்டு வைத்த வளையும் குழாய் உள்ள வேறொரு காலி ஸ்ப்ரேயரில் திரவத்தை ஊற்றி, மருந்தின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் முழுச் செடியும் முடிந்தது. ஒன்றரை வருஷம் முன்பே செய்திருக்கலாமே என்று என் மேலேயே வந்த கோபத்தையும் அந்த பாட்டில் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

லேபிளில் இன்னொரு பொய்: "எல்லா வீட்டுச் செடிகளுக்கும்." நம்பி மெய்டன்ஹேர் ஃபெர்னுக்கும் அடித்தேன். அதன் இலை டிஷ்யூ காகிதம் மாதிரி. மூன்றாம் நாள் ஓரமெல்லாம் கருகிச் சுருண்டது. எண்ணெய், சோப்பு இரண்டுக்குமே ஃபெர்ன்களில் பல தாங்காது. ஒரு இலையில் மட்டும் அடித்துச் சில நாள் பார்த்துவிட்டுத்தான் மீதிக்கு அடிக்க வேண்டும். தாகத்தோடு இருக்கும் செடிக்கும், வெயில் விழும் நேரத்திலும் அடிக்கவே கூடாது. நல்லவேளை, வேர்க்கிழங்கு உயிரோடு இருந்தது. கருகியதை அடியோடு வெட்டிவிட்டேன், மெதுவாகத் துளிர்த்தது.

சொல்லப்போனால் கத்தரிக்கோல்தான் இந்த வீட்டின் முதல் மருந்து. செதில் மொய்த்த இலையை வெட்டிப் பையில் கட்டி எறிந்தால் பாதி வேலை தீர்ந்தது. செத்த செதில் உதிராமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்று மேலும் மேலும் அடிக்காதே. நசுக்கினால் காய்ந்த பொடியாக வந்தால் செத்தது. புது இலை சுத்தமாக வருகிறதா என்று மட்டும் பார்.

மண்ணில் போடும் மருந்து போடலாமா என்றும் தோழி கேட்டாள். வேர் வழியாகச் செடியின் சாற்றில் ஏறும் இமிடாகுளோபிரிட் வகையைத்தான் சொல்கிறாள். இலை பிசுபிசுவென்று ஒட்டி, எறும்பு வந்து, கரும்பூசணம் படர்ந்தால் அது மெத்தென்ற செதில் பூச்சி. சாறு ஓடும் குழாயில் உறிஞ்சும் அதற்கு இந்த மருந்து எட்டும். ஃபெர்ன் செதில் பூச்சியோ ஓடு போட்ட வகை. தனித்தனி செல்லைக் குத்தித் தின்னும், பிசுபிசுப்பே இருக்காது. அதனிடம் இந்த மருந்து பெரும்பாலும் தோற்றுப்போகும். போதாததற்கு இதைப் போட்ட இடங்களில் சிலந்திப்பேன் பெருகுவதும் உண்டு. சிலந்திப்பேனுக்கு எட்டுக் கால், பூச்சி இனமே இல்லை. வறண்ட காற்றில்தான் அதற்குக் கொண்டாட்டம். எனக்கு அது ஒரே ஒரு தடவை வந்தது. செடியை ஷவருக்கு அடியில் வைத்து இலையின் இரண்டு பக்கமும் கழுவினேன், நாலு நாளுக்கு ஒரு தடவையாக மூன்று முறை. போய்விட்டது. மாவுப்பூச்சியா, பஞ்சு மாதிரி நடுக்குருத்தில் ஒளிந்திருந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சி போதும், அதையும் ஓரத்தில் சோதித்துவிட்டு. தொட்டியைச் சுற்றிப் பறக்கும் குட்டி ஈக்கு இந்த ஸ்ப்ரேயால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதன் புழு ஈர மண்ணுக்குள் இருக்கிறது.

என் செடிகளில் இப்போது எட்டு மாதமாகச் செதில் இல்லை. அந்தத் திரவம் இல்லாமல் இது நடந்திருக்காது, அது சத்தியம். ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். மணிக்கட்டில் இன்னும் அந்த நாற்றம் போகவில்லை.

மூன்றாவது பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். வந்த அன்றே மூக்கைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன். தோழியிடம் மட்டும் வாங்காதே என்று சொல்லியிருக்கிறேன், அவள் ஸ்போருக்குப் போய் அடித்துவைப்பாள்.