வீடியோ காலா, செயற்கைச் சுவரா, மழையில் ஒரு ராத்திரியா?

குழுவில் ஆறு பேர். பாதிப் பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. மலைக்குக் கிளம்ப இன்னும் மூன்று மாதம்தான். அதற்குள் பழகிக்கொள்ள மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

வீடியோ காலில் எல்லாருமே தங்கமான மனிதர்கள். பழைய மலைக் கதைகள் வந்து விழும், சிரிப்போம், அவ்வளவுதான். ஆனால் நேரில் கேட்கச் சங்கடமான பணம், மாத்திரை, ஆஸ்துமா பற்றியெல்லாம் பேச அதுதான் வசதி. ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: "மதியம் 2 மணி, உச்சிக்கு இன்னும் 100 மீட்டர். ஏறுவோமா, திரும்புவோமா?" 1996 மே 10 அன்று எவரெஸ்டில் திரும்பியிருக்க வேண்டிய அந்த நேரம் தாண்டியும் பலர் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாலையில் புயல் பிடித்துக்கொண்டது. எட்டு உயிர்கள் போயின. "அப்போ பார்த்துக்கலாம்" என்று சொல்பவர் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

பாறை ஏறிப் பழகக் கட்டிய செயற்கைச் சுவரில் சேர்ந்து ஏறுவதை ரொம்பப் புகழ்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அங்கே தெரிவது விரல் பலம். கீழே நின்று கயிறு பிடிப்பவரைப் பார்த்தால்தான் லாபம். நீங்கள் ஏறும் முன் உங்கள் முடிச்சை இழுத்துப் பார்க்கிறாரா, இல்லை பக்கத்தில் நிற்பவரோடு பேச்சா? அதற்கு ஒரு மாலை போதும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. கூடாரத்தோடு இரண்டு நாள், ஏதாவது ஒரு சின்ன மலை. மழை பெய்தால் இன்னும் நல்லது.

ஒரு முறை எங்களோடு வந்தவர், வீடியோ காலில் எல்லாரையும் சிரிக்க வைத்தவர், குதிகாலில் கொப்புளம் வந்ததைச் சொல்லாமலே நாள் முழுக்க நடந்தார். ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போது தோலும் கூடவே வந்தது. "உங்களைத் தாமதப்படுத்த வேண்டாமேன்னுதான்" என்றார். நல்ல மனசுதான். ஆனால் 5,000 மீட்டரில் தலைவலியையும் இப்படி மறைத்தால்? உயரத்தில் காற்று குறைவதால் வரும் உயர நோய் பெரும்பாலும் தலைவலியில்தான் தொடங்கும். அவரைக் குழுவிலிருந்து விலக்கவில்லை. காலையும் மாலையும் உடம்பு எப்படி என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தோம். முதலில் சொல்ல வேண்டியவர் அவர்.

1953-ல் உலகின் இரண்டாவது உயரமான கே2 மலைக்குப் போன அமெரிக்கக் குழுவின் தலைவர் சார்லஸ் ஹூஸ்டன், திறமையைவிட ஒத்துப்போகும் குணத்தைப் பார்த்தே ஆள் சேர்த்தார். மேலே குழுவில் ஒருவரான ஆர்ட் கில்கி, காலில் ரத்தம் உறைந்து நடக்க முடியாமல் போனதும், உச்சியை விட்டுவிட்டு அவரைச் சுமந்து இறங்கினார்கள். ஆகஸ்ட் 10 அன்று ஒருவர் சறுக்க, கயிறுகள் பின்னிக்கொண்டு ஐந்து பேர் சரிந்தார்கள். பீட் ஷோனிங் ஒற்றைப் பனிக்கோடாலியை ஊன்றி எல்லாரையும் பிடித்து நிறுத்தினார். கில்கியைக் கடைசியில் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவரை விட்டுவிட்டு வர யாரும் நினைக்கவில்லை. இந்தக் குணத்தை எந்தச் சுவரில் ஏற்றிப் பார்ப்பது?

சரி, இரண்டு நாள் லீவு எல்லாருக்கும் கிடைக்காது. அப்படியானால் ஒரே கூடாரத்தில் படுக்கப் போகிறவர்களாவது ஒரு ராத்திரி போய் வாருங்கள். குறைந்தபட்சம் யார் குறட்டை விடுவார் என்றாவது தெரிந்துவிடும்.