ரப்பர் தோட்டத்துக்குக் கொசு விரட்டிக் களிம்பு வாங்கலாமா?

கொசுவை விரட்டும் டை எத்தில் பென்சமைடு என்ற வேதிப்பொருள் 12% உள்ள களிம்பு இது. குமரி மாவட்டத்தில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். பால் பிடிக்கும் சிரட்டையில் தேங்கும் மழைத்தண்ணீரில் பெருகும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும். டெங்கு மட்டுமல்ல, சிக்குன்குனியா, ஜிகாவையும் பரப்பும். 2021-இல் ஜிகா பக்கத்துத் திருவனந்தபுரம் வரை வந்துவிட்டதே!

கணுக்கால், பின்கழுத்து எல்லாம் விடாமல் தடவுங்கள். விட்ட இடத்தைத் தேடிக் கடிக்கும். வியர்வையில் சீக்கிரம் கரைவதுதான் பெரிய குறை, மறுபடி பூச வேண்டும். சன்ஸ்கிரீன் போட்டால் அது முதலில், இது மேலே.

உண்ணிக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். கர்நாடகத்தில் 1957-இல் கண்டறிந்த குரங்குக் காய்ச்சல் உண்ணிக்கடியால் வருவது. காட்டோரம் போய்த் திரும்பினால் அக்குள், முழங்கால் மடிப்பு பாருங்கள். ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுங்கள்.